எடை கூடவே இல்லை... பிறகு ஏன் மூச்சு முட்டியது?

அன்று திங்கட்கிழமை. விடியற்காலை மணி மூன்று இருக்கும். தூக்கத்தில் கையை நீட்டினேன்; பக்கத்தில் என் கணவர் இல்லை. கூடத்து விளக்கைப் போட்டுப் பார்த்தால், நாற்காலியில் முன்பக்கமாகக் குனிந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருக்கிறார். காற்றாடி முழு வேகத்தில் ஓடுகிறது. ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடக்கின்றன.

"படுத்தா மூச்சு வரமாட்டேங்குது" என்றார். அந்த மூன்று வார்த்தைகளைச் சொல்வதற்குள் இரண்டு முறை நிறுத்தினார். இருமினால் நுரை நுரையாகச் சளி வந்தது. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்து வந்து கட்டினேன். 214/112 என்று காட்டியது. மறுபடியும் கட்டிப் பார்க்கவில்லை. 999-ஐ அழைத்தேன்.

அவருக்கு அப்போது வயது 63. முப்பது ஆண்டுகள் கிள்ளான் துறைமுகத்தில் லாரி ஓட்டியவர். நீரிழிவால் சிறுநீரகங்கள் செயலிழந்து, நான்கு ஆண்டுகளாக டயாலிசிஸ் செய்து கொண்டிருந்தார். திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். நம் நாட்டில் 50,000 பேருக்கு மேல் இப்படி வாழ்கிறார்கள். உங்கள் தாமானில் விசாரித்துப் பாருங்கள், நாலு வீடு தள்ளி ஒருவராவது இருப்பார்.

அவசரப் பிரிவில் முகத்தில் முகமூடியைப் பொருத்தி அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தினார்கள். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது, உடனே டயாலிசிஸ் செய்தாக வேண்டும் என்றார்கள். அங்கிருந்த இளம் மருத்துவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு தண்ணீர் குடித்தார்?"

எனக்குச் சுருக்கென்றது. நான் பாலர் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். கணக்கு வைக்காமல் எதையும் செய்ய மாட்டேன். காலையில் 600 மில்லி போத்தல் ஒன்றை நிரப்பி வைப்பேன். கோப்பி, மாத்திரை, சாப்பாட்டுக்குத் தண்ணீர், எல்லாமே அதிலிருந்துதான். வெள்ளிக்கிழமை மையத்தில் டயாலிசிஸ் முடிந்து எடை பார்த்தபோது சரியாக 64 கிலோ. இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குக் குறித்துக் கொடுத்த 'உலர் எடை' அதேதான். ஒரு கிராம்கூடக் கூடுதல் இல்லை. பிறகு எந்தத் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறார் இவர்?

பதில் அன்று மாலைதான் கிடைத்தது. சிறுநீரக நிபுணர் வந்தார், நம் பெண்தான். எக்ஸ்ரேயைப் பார்த்தார், காலை அமுக்கிப் பார்த்தார். பிறகு கட்டில் ஓரத்தில் தொங்கிய இவருடைய பெல்ட்டைக் கையில் எடுத்தார். அதில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள் இரண்டு இருந்தன.

"அம்மா, ஐயா இளைச்சிருக்காரா?"

"ஆமா டாக்டர். ரெண்டு மாசத்துக்கு முன்னே கால்ல புண்ணு வந்து மூணு வாரம் ஆஸ்பத்திரியில இருந்தாரு. சரியா சாப்பிடல. அதுக்கப்புறம் சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு."

"எடை?"

"அதே 64 தான் டாக்டர்."

அவர் என்னையே பார்த்துக் கொண்டிருந்தார். "உடம்பு இளைச்சிருக்கு. எடை மட்டும் அப்படியே இருக்கு. அப்போ அந்த மிச்ச எடை எங்கிருந்து வந்துச்சு?"

எனக்கு விளங்கியபோது அடிவயிறு சில்லிட்டுப் போனது.

தராசுக்குச் சதையும் தெரியாது, நீரும் தெரியாது. அதற்குத் தெரிந்தது கிலோ மட்டும்தான். உலர் எடை என்பது உடம்பில் கூடுதல் நீர் எதுவும் இல்லாதபோது ஒருவர் இருக்க வேண்டிய எடை. கால் புண்ணோடு படுத்திருந்த காலத்தில் இவருடைய தொடையிலும் தோளிலும் இருந்த சதை கரைந்து போனது. ஆனால் மையத்தின் அட்டையில் 64 என்ற எண் மாறவில்லை. இயந்திரம் ஒவ்வொரு முறையும் அவரை 64-க்குக் கொண்டு வந்து நிறுத்தியது. போன சதையின் இடத்தில் நீர் நின்றது, கிட்டத்தட்ட ஐந்து லிட்டர். அதோடுதான் அவர் நடந்தார், கோயிலுக்குப் போனார், என்னோடு உட்கார்ந்து நாடகம் பார்த்தார்.

அறிகுறிகள் இல்லாமல் இல்லை. காலையில் முகம் உப்பியிருக்கும். காலுறையைக் கழற்றினால் வளையம் போலத் தடம் விழும். ஒரு தலையணை இரண்டானது, இரண்டு மூன்றானது. எல்லாவற்றையும்விடப் பெரிய அறிகுறி ரத்த அழுத்தம். இரண்டு வகை மாத்திரை நான்கானது. அப்படியும் 170, 180-க்குக் கீழே இறங்கவில்லை. நாங்கள் போன கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் ஒரு மாத்திரையைக் கூட்டினார்கள். நானும் நன்றி சொல்லி வாங்கி வந்தேன். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த 64-ஐ நானும்தான் வாரம் மூன்று முறை பார்த்தேன். பெல்ட்டில் ஓட்டை போட்டதே நான்தான்.

டயாலிசிஸ் செய்பவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உடம்பில் தேங்கிய உப்பையும் நீரையும்தான் என்றார் நிபுணர். குழாய்க்குள் தண்ணீர் கூடினால் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தை எதிர்த்து ராப்பகலாக அடித்து அடித்து இதயச் சுவர் தடித்துப் போகிறது. டயாலிசிஸ் நோயாளிகள் பலருடைய உயிரைக் கடைசியில் எடுப்பது இதயம்தான், சிறுநீரகம் அல்ல. மாத்திரை குழாயைத் தளர்த்தும். உள்ளே இருக்கும் தண்ணீரை அது எடுக்காது. நீர் பிரிய வைக்கும் மாத்திரைகூட, ஓரளவாவது சிறுநீர் போகிறவர்களுக்குத்தான் உதவும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லையாம். 1960-இல் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர் முதன்முதலாக நீண்டகால டயாலிசிஸ் தொடங்கியபோது, அவருடைய முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் என்பவருக்குக் கடுமையான ரத்த அழுத்தம் இருந்தது. உப்பைக் குறைத்து, உடம்பிலிருந்த கூடுதல் நீரை எடுத்தே அதைக் கட்டுக்குள் கொண்டு வந்தார்கள். ஷீல்ட்ஸ் அதன் பிறகு பதினோரு ஆண்டுகள் வாழ்ந்தார். பிரான்ஸில் தாசான் என்ற ஊரில் ஒரு மையம், எட்டு மணி நேர டயாலிசிஸும் உப்புக் குறைந்த சாப்பாடுமாகப் பல்லாண்டு நடத்தியது. அங்கே பெரும்பாலான நோயாளிகளுக்கு ரத்த அழுத்த மாத்திரையே தேவைப்படவில்லை. நமக்கு எட்டு மணி நேரம் எங்கே கிடைக்கப் போகிறது? ஆனால் உப்பு நம் கையில் இருக்கிறதே.

உப்பு என்ற கொக்கி

'தண்ணீரைக் குறை, தண்ணீரைக் குறை' என்று நான்கு வருடமாக எல்லாரும் சொன்னார்கள். உப்பைப் பற்றியும் சொல்லத்தான் செய்தார்கள். ஆனால் என் காதில் தண்ணீர் மட்டும்தான் விழுந்தது. மருத்துவமனையின் உணவு ஆலோசகர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். சுமார் 8 கிராம் உப்பு உடம்பில் சேர்ந்தால், அதைச் சமன் செய்ய ஒரு லிட்டர் நீரை உடம்பு கேட்கும். அதுதான் தாகம். உப்பைக் கொடுத்துவிட்டுத் தண்ணீரைத் தடுப்பது, ஒருவனை வெயிலில் நிறுத்திவிட்டு வியர்க்காதே என்பது போல.

அந்த வாரக் கடைசியை யோசித்துப் பார்த்தேன். சனிக்கிழமை என் அண்ணன் மகள் கல்யாணம். இலையில் ஊறுகாய், அப்பளம், ரசம், மோர் மிளகாய். இவர் தண்ணீரை அளந்துதான் குடித்தார், நான் பக்கத்திலேயே இருந்தேன். மறுநாள் மீதி வந்த சாப்பாட்டைச் சூடாக்கி வைத்தேன். வெள்ளி மதியத்திலிருந்து திங்கள் காலை வரை, வாரத்திலேயே நீண்ட இடைவெளி அதுதான். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு ஆபத்து மிகுந்த நேரமும் அந்த இடைவெளியின் முடிவுதான் என்று பிறகு அறிந்தேன்.

வார்டில் மூன்றாம் நாள் இவரே சொன்னார். மெல்லிய குரலில், சுவரைப் பார்த்துக்கொண்டு. "ஞாயித்துக்கிழமை பல்லு விளக்கறப்போ பைப்புல வாய வச்சேன். அப்புறம் குளிக்கறப்பவும். நாக்கு ஒட்டிக்கிச்சு, தாங்க முடியல. உன்கிட்ட சொன்னா நீ கத்துவே."

முப்பத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் இவர் என்னிடம் ஒளித்துச் செய்தது, குழாய்த் தண்ணீர் குடித்ததுதான். நான் போத்தலைக் காவல் காத்ததில் எனக்குப் பெருமை இருந்தது. போலீஸ்காரி மாதிரி அளந்து ஊற்றிய நானே, குழம்பில் உப்பைக் கொட்டி அந்தத் தாகத்தை உண்டாக்கிக் கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறை அலமாரியைக் காலி செய்தேன். நெத்திலிக் கருவாடு, பெலாச்சான், சோயா கிச்சாப், மீன் கேன், பாக்கெட் மீ, சூப்புக்குப் போடும் கட்டி. இந்தக் கட்டி இருக்கிறதே, அதை உப்பு என்று நான் நினைத்ததே இல்லை. 'ருசிக்கு' என்று எல்லாக் குழம்பிலும் போட்டுவிட்டு, அதன் மேல் உப்பும் போடுவேன். ஒரு நாளைக்கு எல்லாவற்றிலும் சேர்த்து 5 கிராம், அதாவது தேக்கரண்டி மட்டத்துக்கு ஒன்று, அதுதான் அளவு என்றார் ஆலோசகர். என் பழைய மீன் குழம்பில் அவர் பங்குக்கே அவ்வளவு போயிருக்கும்.

இப்போது அவருக்கான உப்பைக் காலையிலேயே ஒரு சின்ன மூடியில் எடுத்து வைத்துவிடுவேன். சோற்றில் உப்பில்லை. குழம்பில் மிளகு, சீரகம் வறுத்துப் பொடித்தது, பூண்டு, கறிவேப்பிலை, வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்கியது, இறக்கியபின் சில துளி எலுமிச்சை. கடைசியில் மேலே ஒரு சிட்டிகை உப்பு தூவினால், கொதிக்கும்போது போட்டதைவிட நாக்கில் நன்றாகத் தெரியும். முதல் இரண்டு வாரம் தட்டைத் தள்ளிவிட்டார். "ஆஸ்பத்திரி சோறு பரவாயில்ல" என்றார். ஆறாவது வாரம் மாமாக் கடையில் மகன் வாங்கிக் கொடுத்த மீ கோரெங்கை இரண்டு வாய் சாப்பிட்டு, "என்னடா இது, கடல் தண்ணியில கிண்டுனானா?" என்று வைத்துவிட்டார். நாக்கு மாறிவிட்டது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. என் மகன் நல்லெண்ணத்தில் பேரங்காடியிலிருந்து 'சோடியம் குறைந்த உப்பு' ஒரு டப்பா வாங்கி வந்தான். ஆலோசகரிடம் காட்டினேன், முகம் மாறிவிட்டது அவருக்கு. அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே நின்று போகலாம். இளநீரும் அதே காரணத்தால் ஆகாது. கோயிலில் கொடுத்தார்கள், சாமி பிரசாதம் என்று குடித்துவிடாதீர்கள். பிளிம்பிங் என்று நாம் சொல்லும் நட்சத்திரப் பழம் வேறு வகை நஞ்சு. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அது மூளையையே பாதிக்கும், ஒரு துண்டுகூட வேண்டாம்.

தண்ணீர்க் கணக்கையும் திருத்தினேன். இவருக்கு ஒரு நாளில் சுமார் 200 மில்லி சிறுநீர் போகிறது. அதோடு 500 சேர்த்து 700 மில்லி, இது அவருக்கு மருத்துவர் சொன்ன அளவு. உங்களுக்கு வேறாக இருக்கும். போத்தலில் இருப்பது மட்டும் தண்ணீர் என்று நினைத்ததுதான் என் தவறு. ரசம், மோர், கஞ்சி, தோசைக்கு ஊற்றும் சாம்பார், ஐஸ்கட்டி, தர்ப்பூசணி எல்லாம் அந்தக் கணக்கில் வர வேண்டியவை. சர்க்கரை ஏறினாலும் நாக்கு வறளும். அதனால் அதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பெரிய கிளாஸை மாற்றி, பேரப்பிள்ளையின் சின்னக் கோப்பையைக் கொடுத்தேன். மாத்திரைகளில் முடிந்தவற்றைச் சாப்பாட்டோடு விழுங்கச் சொன்னார்கள். தாகம் அதிகமானால் குளிர்ந்த தண்ணீரில் வாய் கொப்பளித்துத் துப்புவார், அல்லது ஒரே ஒரு ஐஸ்கட்டி. இப்போது குழாயில் வாய் வைத்தாலும் வந்து சொல்லிவிடுகிறார். நானும் கத்துவதில்லை. நோட்டில் எழுதிக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியது

மருத்துவமனையில் அடுத்தடுத்த நாட்களில் டயாலிசிஸ் செய்து 62.5 வரை இறக்கிவிட்டார்கள். மீதியை ஏன் ஒரே நாளில் எடுக்கக்கூடாது என்று கேட்டேன். இயந்திரம் ரத்தத்திலிருந்து மட்டும்தான் நீரை எடுக்கும். கால் வீக்கத்திலும் நுரையீரலிலும் இருக்கும் நீர் மெதுவாக ஊறி ரத்தத்துக்குள் வர வேண்டும். அவசரப்பட்டால் ரத்த அழுத்தம் சரிந்து இதயத்துக்கும் மூளைக்கும் ரத்தம் குறையும். ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ எடைக்கு 13 மில்லிக்கு மேல் எடுப்பது நல்லதல்ல என்பது பல மையங்களில் பார்க்கும் அளவு. 59 கிலோ ஆளுக்கு நான்கு மணி நேரத்தில் ஏறக்குறைய 3 லிட்டர். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் நாலு கிலோ ஏற்றிக்கொண்டு போய், 'எல்லாத்தையும் எடுத்துடுங்க மிஸ்ஸி' என்று கெஞ்சுவதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

ஆகவே ஒவ்வொரு முறையும் 200, 300 கிராம் என்று உலர் எடையைக் கீழே இறக்கினார்கள். மையத்தில் கெஞ்சிக் கேட்டு, சில வாரங்களுக்கு அரை மணி நேரம் கூட்டிப் போட்டார்கள். அந்த ஐந்து வாரமும் சுலபமாகப் போகவில்லை. மூன்றாவது மணி நேரத்தில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். லாரியில் மூட்டை தூக்கிய மனுஷன் 'அம்மா' என்று கத்துவார். ஒரு நாள் கொட்டாவி மேல் கொட்டாவியாக விட்டு, கண் மேலே போய்விட்டது. மலாய்க்கார மிஸ்ஸி ஓடி வந்து காலைத் தூக்கி வைத்து மருந்து நீரை ஏற்றினார். அன்று வீட்டுக்கு வரும் வழியில் "போதும், என்னை விட்டுருங்க" என்றார். நான் பதில் சொல்லவில்லை. காரை ஓரம் கட்டி அழுதுவிட்டு ஓட்டினேன்.

மறுநாள் நிபுணரைப் பார்த்தபோதுதான் எங்களுக்கு இன்னொன்று புரிந்தது. நான்கு வகை ரத்த அழுத்த மாத்திரையும் போட்டுக்கொண்டு டயாலிசிஸுக்குப் போனால், நீரை எடுக்கும்போது உடம்பால் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க முடிவதில்லை. அழுத்தம் விழுகிறது, நீர் எடுப்பதை நிறுத்துகிறார்கள், நீர் உள்ளேயே தங்குகிறது, அடுத்த நாள் அழுத்தம் ஏறுகிறது, இன்னொரு மாத்திரை வருகிறது. வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறோம். அவர் முதலில் ஒரு மாத்திரையை நிறுத்தினார், இன்னொன்றை டயாலிசிஸ் நாட்களில் இரவுக்கு மாற்றினார். இதை நீங்களாகச் செய்யாதீர்கள். சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவதே ஆபத்து. ஆனால் 'டயாலிசிஸ் அன்றைக்குக் காலையில் எதைப் போடணும், எதைப் போடக்கூடாது?' என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

59 கிலோவுக்கு வந்து சேர்ந்தோம். மூச்சு சரியானது, ஒரு தலையணையில் படுத்தார். ஆனால் ரத்த அழுத்தம் உடனே இறங்கவில்லை, 160-லேயே நின்றது. எனக்கு ஏமாற்றம். "நீர் போன பிறகும் அழுத்தம் இறங்கச் சில வாரங்கள், சில பேருக்கு மாதங்கள்கூட ஆகும்" என்றார் நிபுணர். அது உண்மையாயிற்று. இரண்டாவது மாதம் 145, மூன்றாவது மாதம் 135. இப்போது ஒரே ஒரு வகை மாத்திரை.

அந்தக் கணக்கெல்லாம் என் நோட்டில் இருக்கிறது. பாலர் பள்ளி வருகைப் பதிவேடு மாதிரிக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். தினமும் காலையில், கழிவறைக்குப் போய் வந்து, பசியாறுவதற்கு முன் எடை. காலையும் இரவும் ரத்த அழுத்தம், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, டயாலிசிஸ் ஊசி போடாத கையில் மட்டும். அந்தக் கையில் பட்டையைக் கட்டி அழுத்தினால் ஊசி போடும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளலாம். மையத்தில் எடுக்கும் அளவு பதற்றத்திலும் நீரின் ஏற்றத்திலும் மாறும். வீட்டில் எடுப்பது உண்மைக்கு இன்னும் நெருக்கம் என்று மருத்துவர் என் நோட்டைத்தான் முதலில் புரட்டுவார்.

கடைசிப் பத்தியில் சாப்பாடு. மனுஷன் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு, போன தைமாதம் மறுபடியும் கால் இழுப்பு வந்தது. டயாலிசிஸ் முடிந்தால் தொண்டை கம்மியது, எழுந்தால் தலை சுற்றியது. இந்த முறை நான் பயப்படவில்லை. பெல்ட்டைப் பார்த்தேன். பழைய ஓட்டைக்குப் போயிருந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு போய், "டாக்டர், இப்போ இவருக்குச் சதை போட்டிருக்கு போல, இன்னும் 59-லேயே புழிஞ்சு எடுக்கிறோமோ?" என்றேன். அவர் சிரித்தார். சோதித்துப் பார்த்து 60.2 என்று மாற்றி எழுதினார். மருத்துவமனையில் தங்கி வந்தால், வயிற்றுப்போக்கு வந்தால், பசி குறைந்தால், பசி கூடினால், ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ நோயாளிகள், உங்களுக்கு ஒருவர்தான்.

படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தால் மட்டும் அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காதீர்கள். நாங்கள் அன்று விடியட்டும் என்று இன்னும் ஒரு மணி நேரம் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு பத்தியில் வந்திருக்கும், கறுப்புக் கட்டத்துக்குள்.

இந்தத் திங்கட்கிழமை அவர் தராசில் ஏறியபோது 62.1. வெள்ளிக்கிழமையிலிருந்து ஒன்று புள்ளி ஒன்பது கிலோ. மிஸ்ஸி "பாகுஸ், அங்கிள்!" என்று கட்டைவிரலைக் காட்டினார். முடிந்து வெளியே வரும்போது, எதிர் மாமாக் கடையைப் பார்த்துக்கொண்டே, "இந்தா, ஒரு தே ஓ கோசோங் சொல்லுவோமா?" என்றார். ஒரு கிளாஸ் வாங்கி இரண்டாக ஊற்றினோம். அவர் பாதி 100 மில்லி, நோட்டில் எழுதியிருக்கிறேன்.